நல்ல ஓவர்லாக் டெய்லர் ஏன் வீட்ல உக்காந்திருக்காங்க? (ஒரு லைன் கணக்கு)

லைன்_நம்பர்_4 | ஞாயிறு இரவு 10:20

வணக்கம் மக்களே. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசர், 11 வருஷம் ஆச்சு. எந்த கம்பெனின்னு யாரும் கேக்காதீங்க, சோத்துல மண்ணு விழுந்துரும். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற ஒரு கணக்க இங்க எறக்கி வைக்கலாம்னு வந்தேன்.

லைன்னா ஒரு பீஸ கை மாத்தி கை மாத்தி தைக்கற மெஷின் வரிசை. எங்க லைன்ல 26 பேரு. டி-சர்ட் ஓடுது. ஷோல்டர் அடிச்சு, நெக் ரிப் (கழுத்துப் பட்டி) ஏத்தி, ஸ்லீவ் வெச்சு, சைடு அடிச்சு, பாட்டம் மடிச்சு, செக்கிங் போயிரும். இதுல நெக் ரிப்தான் உசுரு, கழுத்து சுருங்கிச்சுன்னா பீஸ் மொத்தமும் ஆல்டர்தான், பிரிச்சு திரும்ப தைக்கணும். அந்த ஓவர்லாக் மெஷின்ல (துணி ஓரத்த பிரியாம தைக்கற மெஷின்) ஒரு அக்கா இருந்தாங்க, ஒன்பது வருஷ கை. மணிக்கு 120 பீஸ் சும்மா தட்டுவாங்க, பேசிக்கிட்டே தட்டுவாங்க. லைனும் மணிக்கு 120 போகும்.

போன தீபாவளி ஷிப்மெண்ட் சமயத்துல வாரத்துல அஞ்சு நாள் ஒன்றரை ஷிப்ட் போட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்கு: காலைல எட்டரைல இருந்து அஞ்சரை வரைக்கும் ஒரு ஷிப்ட், நைட்டு எட்டரை வரை இருந்தா ஒன்றரை. அக்காவோட மாமியாருக்கு கால் முடியாம போச்சு, சின்ன பையனுக்கு மூணு வயசு, அஞ்சரைக்கு மேல நிக்க முடியாதுன்னாங்க. ஃப்ளோர் மேனேஜரு "நின்னா நில்லு, இல்லாட்டி செக்கிங் போ"ன்னு சொல்லிட்டாரு. டெய்லர் சம்பளம் வாங்குனவங்க செக்கிங் சம்பளத்துக்கு எப்படி போவாங்க. வேலைய விட்டே நின்னுட்டாங்க.

அவங்க எடத்துல வந்த புள்ள மணிக்கு 85. அது தப்பு இல்ல, புதுசு. ஆனா பாருங்க, நெக் ரிப் 85 வந்தா பின்னாடி இருக்கற ஸ்லீவ், சைடு, பாட்டம், செக்கிங் எல்லாருமே 85தான். மீதி ஆளுங்க எல்லாம் அதே ஆளுங்க, அதே கை, ஆனா லைன் போர்டுல 85ன்னுதான் எழுதறேன்.

இப்ப கணக்கு. அக்கா இருக்கும்போது 8 மணி நேரத்துல 960 பீஸ். இப்ப ஒன்றரை ஷிப்ட் போட்டு டீ டைம் போக 11 மணி நேரம் ஓட்டி 935 பீஸ். சம்பளம் ஒன்றரை மடங்கு, கரண்ட்டு கூட, பீஸ் 25 கம்மி!! இத மேனேஜர்கிட்ட பேப்பர்ல போட்டு காட்டுனேன், "உனக்கு கணக்கு தெரியும், பையர் தெரியாது"ன்னாரு (பையர்னா ஆர்டர் குடுக்கற கம்பெனி). வெளிய போர்டு வேற, "டெய்லர் தேவை".

நான் கேக்கறது இதுதான். ஆள் இல்ல ஆள் இல்லங்கறாங்களே, நெசமாவே ஆள் இல்லையா, இல்ல எட்டரை வரைக்கும் நிக்கற ஆள்தான் இல்லையா?

———

ஊத்துக்குளி_வெண்ணெய் | ஞாயிறு இரவு 11:05

தம்பி, நானும் ஜாப் ஒர்க் யூனிட் (பெரிய கம்பெனிக்கு கூலிக்கு தைச்சு குடுக்கறது) வெச்சிருக்கறவன்தான், 14 மெஷின். நீ சொல்ற கணக்கு ஒரு நாள் கணக்கு. மூணு மாசத்துல அந்தப் புள்ளையும் 120 அடிக்கும். அப்ப ஒன்றரை ஷிப்ட்ல 1300க்கு மேல வருமல்ல? ஓனரு அதைத்தான் பார்ப்பான்.

இன்னொண்ணு. கப்பல் உனக்காக நிக்காது. லேட்டாச்சுன்னா ஏர்ல அனுப்பணும், அந்த செலவு ஒரு ஆர்டரோட லாபத்த மொத்தமா முழுங்கிரும். அன்னைக்கு ராத்திரி நிக்கறவன்தான் எனக்கு ஆளு. ஒடிசா, பீகார்ல இருந்து வர்ற பசங்க, பொண்ணுங்க ஹாஸ்டல்ல இருக்காங்க, நின்னு அடிச்சு குடுக்கறாங்க. உள்ளூர் பொம்பளைங்கன்னா கல்யாணம், காது குத்து, காய்ச்சல், குலதெய்வம்னு மாசத்துல நாலு நாள் இல்ல. அதுக்கு மேல பிரசவம்னா 26 வாரம் சம்பளத்தோட லீவு, 2017ல சட்டம் போட்டுட்டாங்க. 14 மெஷின் வெச்சிருக்கறவன் ஆறு மாசம் சும்மா சம்பளம் குடுத்தா எங்கீங்க போறது?

———

கணக்குப்புள்ள | திங்கள் காலை 7:48

// 26 வாரம் சம்பளத்தோட லீவு... சும்மா சம்பளம் குடுத்தா எங்கீங்க போறது? //

அண்ணா கோவிச்சுக்காதீங்க, இது பாதி தப்பு, இந்த தப்பாலேயே எத்தனையோ பொண்ணுங்கள வேலைக்கு எடுக்காம விட்டுருக்காங்க. உங்க ஆளுங்களுக்கு ஈ.எஸ்.ஐ. (அரசாங்க தொழிலாளர் காப்பீடு) புடிக்கறீங்கன்னா, மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க அதுக்குள்ளதான் வருவாங்க, அவங்களுக்கு அந்த 26 வார பணத்த ஈ.எஸ்.ஐ.தான் குடுக்கும், நீங்க இல்ல. முந்தின ரெண்டு கான்ட்ரிபியூஷன் பீரியட்ல (ஆறு மாசம் ஒரு பீரியட்) 70 நாள் கட்டியிருந்தா போதும். கைல இருந்து குடுக்கறது ஈ.எஸ்.ஐ.க்கு வெளிய இருக்கற, பெரிய சம்பளக்காரங்களுக்குத்தான். டெய்லருக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாம "மேஸ்திரி ஆளு"ன்னு, அதாவது கான்ட்ராக்ட் ஆளுன்னு எழுதி வெச்சிருந்தா அது வேற கதை :)

உங்க பயம் முழுசா கற்பனைன்னும் சொல்ல மாட்டேன், பெரிய ஐ.டி. ஆபீஸ் மாதிரி எடத்துல எல்லாம் அந்த செலவு முதலாளி தலைலதான் விழுது. அதனால கல்யாணம் ஆச்சான்னு இன்டர்வியூல சுத்தி வளைச்சு கேக்கறானுங்க. நல்ல எண்ணத்துல போட்ட சட்டம்தான், பில்ல மட்டும் தப்பான ஆள்கிட்ட நீட்டிட்டாங்க.

அப்பறம் "உள்ளூர் பொம்பளைங்க வேலைக்கு வர்றதில்ல"ங்கறது பத்தி. மத்திய அரசு சர்வேல 15 வயசுக்கு மேல உள்ள பெண்கள்ல வேலைல இருக்கறவங்க, வேலை தேடறவங்க ரெண்டும் சேர்த்து 2017-18ல 23.3 சதவீதம், 2023-24ல 41.7. ஆறு வருஷத்துல இவ்ளோ ஏத்தம்னு டிவில கைதட்டுனாங்க. உள்ள போய் பார்த்தா ஏறுனதுல பெரும்பங்கு கிராமத்துல, சொந்தத் தொழில்ங்கற பேர்ல. அதுல புருஷன் கடைல, வயக்காட்டுல சம்பளமே இல்லாம கூட வேலை செய்யறதும் சேர்த்தி. மாடு மேய்ச்சா அது வேலைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாட்டம் அடிக்க தெரிஞ்ச கை மாட்டுக்கு தண்ணி காட்டிட்டு இருந்தா சர்வேல நம்பர் ஏறும், நாட்டோட உற்பத்தில என்னத்த ஏறும்?

———

உப்புத்தண்ணி | திங்கள் மதியம் 2:15

முதல் தடவ எழுதறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். அந்த அண்ணன் சொன்ன அக்கா நான் இல்ல ஆனா நானும் அதே கதைதானுங்க. நான் பேட்லாக் டெய்லர், பாட்டம் மடிச்சு அடிக்கற மெஷின். கைமடியா (டெய்லருக்கு எடுபிடி) சேர்ந்து நாலு வருஷத்துல மெஷின்ல உக்காந்தேன். பொண்ணு பொறந்ததும் நின்னேன், அவ பால்வாடி போக ஆரம்பிச்சதும் திரும்ப போனேன், "அஞ்சரைக்கு போறதுன்னா மெஷின் இல்லம்மா"ன்னுட்டாங்க. இப்ப வீட்ல, தைச்ச பீஸ்ல தொங்கற நூல் பிசிறு வெட்டறேன். பண்டல் பண்டலா கொண்டு வந்து போடுவாங்க, வாசல்ல உக்காந்து வெட்டறது. நாலு வருஷம் கத்துக்கிட்டது கைல இருக்கு, கால் பெடல மிதிக்கற மாதிரி தானா ஆடுது, ஆனா கத்திரிக்கோல்தான் புடிக்கறேன். எங்க வீதில மட்டும் என்ன மாதிரி ஆறு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தங்க முழு பீஸும் தனியா தைக்கற சாம்பிள் டெய்லருங்க, சாம்பிள் டெய்லர்!

அந்த ஊத்துக்குளி அண்ணன் காது குத்துன்னாரு. எங்க ஊட்டு ஆம்பள காது குத்துக்கு வந்து பந்தில உக்காருவாருங்க. முந்தின நாள் மாவாட்டறது யாரு?

———

லைன்_நம்பர்_4 | திங்கள் இரவு 9:52

அக்கா நீங்க எழுதுனது படிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

லீவு மேட்டர்ல எங்கிட்ட ஒரு விஷயம் இருக்கு. யாரு என்னைக்கு ஆப்சென்ட்னு ஒரு நோட்டுல எழுதி வெப்பேன், அது என் வேலை. போன வருஷம் ஒரு நா சும்மா புரட்டிட்டு இருந்தப்ப பார்த்தா ஒரே ஏரியால இருந்து வர்ற மூணு பேரு ஒரே நாள்ல லேட்டு, ஒரே நாள்ல லீவு. அடுத்த தடவயும் அப்படியே. ஏதோ பேசி வெச்சுட்டு சினிமா போறாங்கன்னு நெனச்சேன். கேட்டா சிரிக்கறாங்க. "அன்னைக்கு நல்ல தண்ணி வர்ற நாளுங்கண்ணா."

வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர்ல ரெண்டு குழாய். உப்புத்தண்ணி தொவைக்க குளிக்க, நல்ல தண்ணி குடிக்க சமைக்க. நல்ல தண்ணி தெனம் வராது, பல நாளைக்கு ஒருக்கா வரும், எத்தன மணிக்குன்னு கரெக்டா சொல்ல முடியாது. வர்றப்ப யாராச்சும் வீட்ல இருந்து புடிக்கணும், விட்டா அடுத்த முறை வரைக்கும் கேன் தண்ணிதான். அந்த யாராச்சும் யாருன்னு சொல்லணுமா.

அதுல இருந்து நான் எந்த வீதிக்கு எப்ப தண்ணின்னு நோட்டோட கடைசி பக்கத்துல எழுதி வெச்சுக்கறேன். முந்தின நாளே லைன மாத்தி பேலன்ஸ் பண்ணிருவேன். ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மெண்ட் பையன் ஸ்டாப் வாட்ச் வெச்சுட்டு ஒரு பீஸுக்கு எத்தன செகண்டுன்னு பார்க்கறான், இந்த நோட்ட காட்டுனா "இதெல்லாம் டேட்டா இல்ல சார்"ங்கறான்.

———

கணக்குப்புள்ள | திங்கள் இரவு 10:30

அந்த நோட்டுதான் சார் டேட்டா. 2019ல அரசாங்கம் டைம் யூஸ் சர்வே எடுத்துச்சு, யாரு ஒரு நாள எப்படி செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செஞ்சேன்னு சொன்ன பொம்பளைங்க 81.2 சதவீதம், ஆம்பளைங்க 26.1 சதவீதம். செய்யறவங்கள மட்டும் எடுத்து பார்த்தாலும் அவங்க 299 நிமிஷம், நம்ம ஆளுங்க 97 நிமிஷம். 299 நிமிஷம்னா அஞ்சு மணி நேரம். லைன் நம்பர் 4 சார் பாஷைல சொன்னா ஏற்கனவே அரை ஷிப்ட் முடிச்சுட்டுதான் காலைல கார்டு போடறாங்க.

———

லயத்துப்பெடியன் | செவ்வாய் காலை 6:40

இலங்கைல ஹட்டன் பக்கமிருந்து எழுதுறேன். குழந்தை விஷயம் பேசுறீங்க, அதனால ஒண்ணு சொல்றேன். எங்க தேயிலைத் தோட்டங்கள்ல பிள்ளைக்காம்பரான்னு குழந்தைக் காப்பகம் ஒண்ணு வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இருக்கு. அம்மாமார் விடிய பிள்ளைய அங்க விட்டுட்டு மலைக்கு ஏறுவாங்க, பால் குடுக்க நடுவுல வருவாங்க. நானே அங்க வளர்ந்தவன்தான். துரைமார் அத பாசத்துல கட்டல. கொழுந்து ஒரு வாரம் விட்டா முத்திப் போகும், எடுக்கிறது பொம்பளை ஆள்தான், அவ வீட்ல நின்னா ஃபேக்டரி ஓடாது. அந்த கணக்கு அவனுக்கு நூறு வருஷத்துக்கு முன்னமே வெளங்கிருச்சு, உங்க மேனேஜருக்கு வெளங்கல போல.

ஆனா அதுக்காக எங்க தோட்டத்த உதாரணம்னு எடுத்துறாதீங்க. பிள்ளைக்காம்பரா இருந்தும் கொழுந்து எடுக்கிறவ இருந்த எடத்துலயே நிக்கிறா. குறிச்ச கிலோ எடுக்காட்டி அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். தோட்டத்துக்கு தோட்டம் 18, 20ன்னு மாறும். மழை பேஞ்சாலும் கொழுந்து இல்லாட்டியும் அதே கிலோதான். கவ்வாத்து வெட்டுற, அதாவது செடி கிளைய நறுக்குற ஆம்பளை மத்தியானத்தோட முழுப்பேர் போட்டுட்டு லயத்து வீட்டுக்கு போயிருவான். அவ அந்தி வரைக்கும் மலைல. நிறுக்கிற எடத்துலயும் கங்காணி, அதாவது மேற்பார்வை பார்க்கிறவன், ஆம்பளைதான். எங்கம்மா 31 வருஷம் எடுத்தா, ஒருநாளும் அவள கங்காணியாக்கல.

———

மெட்ராஸ்_மச்சான் | செவ்வாய் மதியம் 12:10

எல்லாம் ஓகே ப்ரோ ஆனா ஒண்ணு யாரும் பேச மாட்றீங்க. பொண்ணுங்க எல்லாரும் வேலைக்கு வந்துட்டா பசங்களுக்கு வேலை எங்க? ஏற்கனவே இன்ஜினியரிங் முடிச்சுட்டு டெலிவரி ஓட்றோம். ஆள் ஜாஸ்தியானா சம்பளம் கம்மியாகும், சிம்பிள் எகனாமிக்ஸ்.

———

கணக்குப்புள்ள | செவ்வாய் மாலை 6:22

மச்சான், சிம்பிள் எகனாமிக்ஸ்னு ஆரம்பிக்கறது எல்லாம் பாதில நின்னுரும். நெக் ரிப் அக்கா போனதால பின்னாடி இருந்த ஸ்லீவ் டெய்லருக்கு, அவரு ஆம்பளைன்னே வெச்சுக்க, வேலை கூடுச்சா குறைஞ்சுச்சா? பீஸ் ரேட்டா இருந்தா அவர் சம்பளமே 120ல இருந்து 85க்கு எறங்கியிருக்கும். வேலைங்கறது ஒரு தட்டு இட்லி இல்ல, அவ ரெண்டு எடுத்தா எனக்கு ரெண்டு குறையும்னு சொல்றதுக்கு. அவ சம்பாதிச்சா அவளும் உன் டெலிவரில பிரியாணி ஆர்டர் போடுவா.

அமெரிக்காவுல 1960ல டாக்டர், வக்கீல்ல 94 சதவீதம் வெள்ளைக்கார ஆம்பளைங்க. 2010ல அது 62. இந்த மாதிரி பெண்களும் கறுப்பினத்தவங்களும் அவங்கவங்க திறமைக்கு ஏத்த வேலைக்கு போக ஆரம்பிச்சதால மட்டும் அந்த அம்பது வருஷத்துல ஆளுக்கு ஆள் உற்பத்தி வளர்ச்சில 20ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் வந்துச்சுன்னு நாலு பொருளாதார நிபுணர்கள் கணக்கு போட்டு 2019ல வெளியிட்டாங்க. டாக்டராக வேண்டிய ஆள் தட்டச்சு அடிச்சுட்டு இருந்தா நஷ்டம் அவளுக்கு மட்டும் இல்ல, வைத்தியத்துக்கு போறவனுக்கும்தான். பேட்லாக் அக்கா கத்திரிக்கோல் புடிச்சுட்டு இருக்கறதும் அதே நஷ்டம்தான், சைஸ் மட்டும் சின்னது.

லைன் நம்பர் 4 சார், உங்க ஒன்றரை ஷிப்ட் விஷயத்துக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கு. 2023ல நோபல் வாங்குன பொருளாதார நிபுணர் கிளாடியா கோல்டின் அத பேராசை புடிச்ச வேலைன்னு சொல்வாங்க, நேரங்காலம் இல்லாம நிக்கறவனுக்கு கூட்டிக் குடுத்து, நிக்க முடியாதவள மொத்தமா வெளிய தள்ளற வேலை. வக்கீல் ஆபீஸ், பேங்கு எல்லாம் வெச்சுதான் அவங்க பேசுனாங்க. நீங்க பனியன் கம்பெனில காட்டிட்டீங்க. அவங்களே பார்மசிஸ்ட் உதாரணம் சொல்வாங்க: மருந்துக் கடை வேலைய ஒரே மாதிரி ஆக்கி, கம்ப்யூட்டர்ல எல்லா விவரமும் ஏத்துனதும் ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் நின்னா எதுவும் கெடாது, அதனால பாதி நேரம் வேலை செஞ்சாலும் மணிக்கு உண்டான கூலி குறையல, ஆண் பெண் சம்பள வித்தியாசமும் அந்தத் தொழில்ல நல்லா சுருங்கிருச்சு.

———

ஊத்துக்குளி_வெண்ணெய் | செவ்வாய் இரவு 10:48

ஈ.எஸ்.ஐ. விஷயம் ஆடிட்டர்கிட்ட கேட்டேன், நீ சொன்னது சரிதான். நான்தான் தப்பா நெனச்சுட்டு இருந்தேன்.

ஆனா அமெரிக்கா மருந்துக் கடைய திருப்பூர்ல ஓட்ட முடியாது சாமி. நீங்க எல்லாம் மாச சம்பளக்காரங்க. எனக்கு ஆர்டர் ஒரு மாசம் குமியும், ஒரு மாசம் ஈ ஓட்டும். குமியறப்ப 12 மணி நேரம் ஓடணும். 2023 ஏப்ரல்ல சட்டசபைல 12 மணி நேர வேலைக்கு திருத்தம் பாஸ் பண்ணி, எதிர்ப்பு வந்து மே தினத்துல வாபஸ் வாங்குனாங்களே, ஊரே கத்துச்சு. இங்க அந்த சட்டம் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான் ஓடுச்சு, வாபஸ் வாங்குனப்பறமும் அப்படித்தான் ஓடுது. குழந்தைக் காப்பகம் வைக்க சொல்லுவீங்க, 14 மெஷினுக்கு நடுவுல தொட்டில் எங்க கட்டறது? அதுவும் பஞ்சு பறக்கற எடத்துல.

———

வல்லம்_கேட் | புதன் காலை 8:05

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆளு நான். இங்க வேற மாதிரி. ஷிப்ட் முடிஞ்சா முடிஞ்சதுதான், பஸ் வாசல்ல நிக்கும். இந்தியாவுல ஃபேக்டரில வேலை செய்யற பெண்கள்ல 43 சதவீதம் தமிழ்நாட்டுலதான்னு 2019-20 கணக்கு சொல்லுது, பெருமைதான். வல்லம் வடகால்ல 2024ல சிப்காட் 18,720 பெண்கள் தங்கற மாதிரி ஹாஸ்டல் திறந்தாங்க, உள்ள போய் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு.

ஆனா அந்த 18,720 பெட்டுல ஒண்ணுலகூட தாயும் புள்ளையும் படுக்க முடியாது. 19 வயசுல வர்றா, 24ல கல்யாணம்னு போறா, அவ கத்துக்கிட்டது அவளோட போகுது, அடுத்த 19 வயசு வருது. எங்க லைன்ல 30 வயசு பொண்ண பார்க்கறது கஷ்டம். அதனால லைன் லீடரு, டெக்னீஷியன் எல்லாம் ஆம்பளையாவே இருக்கான், ஏன்னா அவன் மட்டும்தான் பத்து வருஷம் நிக்கறான். அப்பறம் "பொண்ணுங்க லீடராக மாட்றாங்க"ம்பாங்க.

———

லைன்_நம்பர்_4 | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 9:30

லேட்டுக்கு சாரி, ஷிப்மெண்ட். ஒரு அப்டேட்.

வெண்ணெய் அண்ணன் சொன்ன "மூணு மாசத்துல 120 அடிக்கும்"ல ஒரு ஓட்டை இருக்கு. அந்தப் புள்ள ரெண்டாவது மாசம் 105 வந்துச்சு, ஊருக்கு போச்சு, திரும்பல. இப்ப மூணாவது ஆளு, மறுபடி 80ல இருந்து ஆரம்பிக்கறோம்.

ஓனரோட பையன் புதுசா வர ஆரம்பிச்சிருக்காரு, படிச்ச பையன். அவருகிட்ட நோட்டு, 960 - 935 கணக்கு ரெண்டையும் காட்டுனேன். மொட்டை மாடி ஷெட்ல சும்மா கிடந்த எட்டு மெஷின எறக்கி ஒரு குட்டி லைன் போட சொல்லிட்டாரு. காலைல ஒன்பதரை டு நாலரை, ஒன்றரை ஷிப்ட் கிடையவே கிடையாது, டெய்லர் ரேட்டே மணி கணக்குல. பெரிய லைன்ல எந்த ஆபரேஷன் முட்டி நிக்குதோ அத மட்டும் இவங்க அடிச்சு பண்டல் பண்ணி வெச்சுருவாங்க, ராத்திரி பெரிய லைன் அத எடுத்து ஓட்டிக்கும். நெக் ரிப் அக்காவ முதல்ல கூப்பிட்டேன். வந்துட்டாங்க. முதல் நாள் 90, நாலாம் நாள் 118.

எல்லாம் சுபம்னு நெனச்சுராதீங்க. எட்டு மெஷினுக்கு ஆறு பேர்தான் வந்திருக்காங்க. பெரிய லைன் பசங்க "அவங்களுக்கு மட்டும் நாலரைக்கு விடறீங்க, நாங்க என்ன இளிச்சவாயா"ன்னு கேக்கறாங்க, அதுலயும் நியாயம் இருக்கு, அவனுக்கும் எட்டரைக்கு வீட்டுக்கு போனா புள்ள தூங்கியிருக்கும். காப்பகம் இன்னும் இல்ல. 30 பெண்களுக்கு மேல இருந்தா வெக்கணும்னு பழைய ஃபேக்டரி சட்டத்துல இருந்துச்சு, எங்க கம்பெனில "காப்பகம்"னு போர்டு போட்ட ரூம் இருக்கு, உள்ள அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கு. ஆடிட் அன்னைக்கு மட்டும் ஒரு மரக்குதிரை வரும். அத கேட்டா பெட்டிய எங்க வைக்கறதுன்னு திரும்ப என்னையே கேக்கறாங்க.

———

ஊத்துக்குளி_வெண்ணெய் | ஞாயிறு இரவு 10:02

பண்டல் பண்ணி வெச்சு ராத்திரி ஓட்டறது நல்ல யோசனைதான். ஆனா ஷேட் (கலர் சாயல்) மாறிப் போகாதா? பண்டல் நம்பர் யாரு எழுதறது?

———

லைன்_நம்பர்_4 | ஞாயிறு இரவு 10:11

அக்காவேதான் எழுதறாங்க. முதல் ரெண்டு நாள் மாறிப் போச்சு, 40 பீஸ் ஆல்டர். இப்ப சாக்பீஸ் கலர் மாத்தி மாத்தி போடறாங்க.

———

உப்புத்தண்ணி | ஞாயிறு இரவு 10:40

அண்ணா, ரெண்டு மெஷின் காலியா இருக்குன்னு சொன்னீங்களே, அதுல பேட்லாக் இருக்குங்களா? எங்கன்னு இங்க சொல்ல வேண்டாம், எந்தப் பக்கம்னு மட்டும் தனியா மெசேஜ் போடுங்க. நாலரைக்கு விட்டா அந்தப் பக்கம் வெள்ளை போர்டு பஸ் இருக்குங்களா? ஃப்ரீ பஸ்னாதான் எனக்கு கட்டும், மினி பஸ்ல போனா மாசத்துக்கு ஒரு சிலிண்டர் காசு போயிரும்.

———

லைன்_நம்பர்_4 | ஞாயிறு இரவு 10:52

ஒரு பேட்லாக் இருக்குங்க அக்கா, லூப்பர் மட்டும் மாத்தணும், நாளைக்கு மெக்கானிக் வர்றாரு. நாலு நாப்பதுக்கு வெள்ளை போர்டு ஒண்ணு இருக்குங்க. சந்தை அன்னைக்கு மட்டும் கூட்டத்துல ஏற முடியாது, அன்னைக்கு அடுத்ததுதான், அஞ்சே காலு. மெசேஜ் போட்டுட்டேன் பாருங்க. உங்க வீதிக்கு நல்ல தண்ணி என்னைக்குன்னு அதுலயே சொல்லிருங்க, நோட்டுல எழுதிக்கறேன்.